ஒரு நைட் 210 டாலர் ரூம், பில்லில் 725 டாலர்: மாலத்தீவில் எங்கே தங்குவது?

இந்த டாபிக்கை வீடியோவில் பத்து நிமிஷத்தில் வேகமா சொல்லிட்டுப் போயிட்டேன். கணக்கை நிதானமா உட்கார்ந்து பார்க்கணும்னு நினைக்கிறவங்களுக்காக இந்தப் பதிவு.

என் சித்தி பையனுக்கு வர்ற தை மாசம் கல்யாணம். சோழிங்கநல்லூர்ல ஐ.டி. வேலை, கையில வர்ற சம்பளம் 58,000 ரூபாய். ரெண்டு வாரம் முன்னாடி ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். பச்சைக் கண்ணாடி மாதிரி கடல், அது மேல மரக் கால் ஊன்றி நிற்கிற வில்லா. கீழே ஒரு மெசேஜ்: "அக்கா, மாலத்தீவு ரிசார்ட், ஒரு நைட் 210 டாலர்தான். நாலு நைட். எழுபத்தஞ்சாயிரத்துல முடிஞ்சிடும். புக் பண்ணிடவா? இன்னைக்கு ராத்திரிதான் ஆஃபர்."

கல்யாணம் பண்ணிக்கப் போற பையன்கிட்ட உடனே கால்குலேட்டரைத் தூக்கிட்டு வர்றதுக்கு எனக்கும் மனசு இல்லை. ஆனா அவன் கையில இருக்கிற பணம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். 3 லட்சம் ரூபாய் எஃப்.டி., அவ்வளவுதான். போன வருஷம் சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சப்போ இன்சூரன்ஸ் முழுசா கொடுக்கல. 80,000 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது, அதுக்கு நாலு பேர்கிட்ட கேட்டு அலைஞ்சான். அப்புறம் மாசா மாசம் சேர்த்த காசுதான் அந்த எஃப்.டி. எழுபத்தஞ்சாயிரம்னா அதைத் தொட்டாலும் பரவாயில்லைன்னு விட்டிருப்பேன். ஆனா அந்த 210 டாலரைப் பார்த்ததுமே அது எழுபத்தஞ்சாயிரத்தில் முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஏன்னா அதே தப்பை நானும் என் வீட்டுக்காரரும் 2022-ல் பண்ணியிருக்கோம்.

அதனால "காலையில பேசலாம்டா, ஆஃபர் எங்கேயும் ஓடிடாது"ன்னு போட்டுட்டுப் படுத்துட்டேன். (ஓடல. இன்னைக்கு வரைக்கும் அதே "இன்னைக்கு ராத்திரி மட்டும்" ஓடிக்கிட்டுதான் இருக்கு.)

210 டாலர் எப்படி வளருது

காலையில ஃபோன்ல வெச்சு, வரி வரியா எழுதச் சொன்னேன். நீங்களும் ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. கணக்கு சுலபமா இருக்க ஒரு டாலர் 90 ரூபாய்னு வெச்சுக்கலாம்; டிசம்பர் 2025-ல ரேட் அந்த இடத்துலதான் நின்னுச்சு. ஃபிளைட் டிக்கெட்டை சேர்க்கல, எங்கே தங்கினாலும் அது ஒண்ணுதான்.

ரூம் வாடகை, 210 டாலர் வீதம் நாலு நைட்: 840 டாலர். அவன் பார்த்தது இது மட்டும்தான்.

இதுக்கு மேல 10% சர்வீஸ் சார்ஜ்: 84 டாலர். ஆச்சு 924.

அதுக்கும் மேல மாலத்தீவு அரசாங்கத்தோட டூரிசம் ஜி.எஸ்.டி. நம்ம ஊர் ஜி.எஸ்.டி. மாதிரியேதான், சுற்றுலாவுக்குத் தனி ரேட். 2023-ல் 16% ஆக்கினாங்க, 2025 ஜூலை 1-லிருந்து 17%. சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகை மேலதான் இந்த வரி விழும். 157 டாலர். ஆச்சு 1,081.

அப்புறம் கிரீன் டாக்ஸ். இது சதவீதம் இல்லை, தலைக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு. ரிசார்ட்டுக்கு 2025 ஜனவரியிலிருந்து 12 டாலர். ரெண்டு பேர், நாலு நாள்: 96 டாலர். ஆச்சு 1,177.

இப்போ பெரிய அடி. அந்த ரிசார்ட் இருக்கிற தீவுக்கு சீபிளேன்லதான் போகணும். போக வர ஒருத்தருக்கு 450 டாலர்னு வெச்சுக்கோங்க. ரெண்டு பேருக்கு 900. இதை நாலு நைட்டால வகுத்துப் பாருங்க, நைட்டுக்கு 225 டாலர். ரூம் வாடகையே 210தான்!

கடைசியா சாப்பாடு. அந்த ரேட்ல காலை டிஃபன் மட்டும்தான் சேர்த்தி. மதியம் ஒருத்தருக்கு 30, ராத்திரி 50 டாலர்னு ரொம்ப அடக்கமா வெச்சாலும் ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 160. அதுக்கும் சர்வீஸ் சார்ஜ், ஜி.எஸ்.டி. உண்டு. நாலு நாளுக்கு 824 டாலர்.

மொத்தம் 2,901 டாலர். நைட்டுக்கு 725. நம்ம காசுக்கு சுமார் 2,61,000 ரூபாய். இதுல ஒரு படகு சவாரி இல்லை, ஸ்னார்க்கலிங் இல்லை, ஒரு ஜூஸ்கூட இல்லை.

தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "இ.எம்.ஐ. போட்டுக்கலாம்ல அக்கா?"ன்னான். சரி, அதையும் போட்டுப் பார்த்தோம். 2.6 லட்சம் ரூபாய் பர்சனல் லோன், 16% வட்டி, 24 மாசம். மாசம் சுமார் 12,730 ரூபாய். முடியும்போது வட்டி மட்டும் சுமார் 45,500 ரூபாய். அதாவது ரெண்டாவது கல்யாண நாள் வரைக்கும் அந்த நாலு நைட்டுக்குப் பணம் கட்டிக்கிட்டே இருக்கணும், சம்பளத்துல கிட்டத்தட்ட கால்வாசி.

தீவுல போட்டிக்கடை கிடையாது

இந்த செலவு ஏன் இப்படி ஏறுதுன்னு புரிஞ்சா, எங்கே தங்கணும்னு தானா புரிஞ்சிடும். மாலத்தீவு கிட்டத்தட்ட 1,200 தீவுகள் உள்ள நாடு. அதுல மக்கள் ஊரா வசிக்கிறது சுமார் 200 தீவுதான். 1972-ல் குரும்பா என்ற தீவில் முதல் ரிசார்ட் வந்தபோதிருந்தே அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற முறைதான். ஊர் தனி, ரிசார்ட் தனி. நீங்க அந்தத் தீவுல இறங்கினதும், சாப்பாடு விக்கிறவரும் அவரே, படகு விடுறவரும் அவரே, தண்ணி பாட்டில் விக்கிறவரும் அவரே. ஊட்டியில ஹோட்டல் சாப்பாடு விலை ஜாஸ்தின்னா வெளியே வந்து டீக்கடையில பன் வாங்கிச் சாப்பிட்டுக்கலாம். இங்கே வெளியேன்னா கடல்தான்.

அதனால ரூம் விலையைக் குறைச்சுக் காட்டறது ரிசார்ட்டுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மீதியை உள்ளே வந்ததுக்கப்புறம் வாங்கிக்கலாம். நான் இதை ஏமாத்துன்னு சொல்லல, சின்ன எழுத்துல எல்லாமே எழுதித்தான் இருக்கு. நாமதான் "நைட்டுக்கு எவ்வளவு"ன்னு பெரிய எழுத்தை மட்டும் பார்த்து, விலை வாரியா வரிசைப்படுத்தி, மேலே வர்றதை புக் பண்றோம்.

எங்க 2022 கதையைச் சொல்லிடறேன். ஏஜென்ட் ஒருத்தர்கிட்ட பேக்கேஜ் எடுத்தோம். ஃபிளைட் மாலேவுல இறங்கினது சாயங்காலம் அஞ்சே முக்கால். வெளியே வந்து ரிசார்ட் கவுன்ட்டர்ல பேர் சொன்னா, அந்தப் பையன் ரொம்ப மரியாதையா, "சீபிளேன் நாளைக்குக் காலையிலதான் மேடம்"ன்னான். சீபிளேன் பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும். நான் ஆடிட்டர், கான்ட்ராக்ட்ல கமா வரைக்கும் படிக்கிற ஆள், இதை எங்கேயும் பார்க்கல. அன்னைக்கு ராத்திரி ஏர்போர்ட் பக்கத்துல ஹுல்ஹுமாலேயில 95 டாலர் கொடுத்து ஒரு ரூம். ரிசார்ட்ல காசு கட்டின முதல் நைட் காலியாவே கிடந்தது, அதுக்கு ஒரு பைசா திரும்பல. மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்து, அதுக்கு அடுத்த நாள் சாயங்காலம் பில்லைப் பார்த்ததுக்கப்புறம், மீதி நாள் முழுக்க என் வீட்டுக்காரர் மெனு கார்டுல வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கமாத்தான் படிச்சார். கடல் அழகாத்தான் இருந்தது. ஆனா எனக்கு இன்னைக்கும் முதல்ல ஞாபகம் வர்றது அந்த மெனு கார்டுதான்.

ரிசார்ட்தான் வேணும்னா

ரிசார்ட்டே போகாதீங்கன்னு சொல்ல வரல. தண்ணி மேல நிற்கிற வில்லாவுல ஒரு தடவையாவது தூங்கணும்ங்கறது உங்க கனவுன்னா, அது ரிசார்ட்லதான் கிடைக்கும், கெஸ்ட் ஹவுஸ்ல கிடைக்காது. காசு சேர்த்துட்டுப் போங்க. ஆனா ரூம் விலையை வெச்சுத் தேடாம, டிரான்ஸ்ஃபரை வெச்சுத் தேடுங்க.

ஏர்போர்ட் இருக்கிற காஃபு அடோல்லையே, அதாவது வடக்கு மாலே, தெற்கு மாலே பக்கத்துல நிறைய ரிசார்ட் இருக்கு. இதுக்கெல்லாம் ஸ்பீட்போட் போதும், பல இடங்களுக்கு ராத்திரி இறங்கினாலும் போகலாம். உதாரணத்துக்கு ஒண்ணு: ரூம் 290 டாலர், ஆனா காலை, ராத்திரி சாப்பாடு சேர்ந்தது, ஸ்பீட்போட் போக வர ஒருத்தருக்கு 150. அதே நாலு நைட், அதே வரி, மதிய சாப்பாடு மட்டும் தனி. மொத்தம் 2,198 டாலர் வருது. தம்பி பார்த்ததைவிட ரூம் நைட்டுக்கு 80 டாலர் ஜாஸ்தி, மொத்தம் 703 டாலர் கம்மி. 63,000 ரூபாய்க்கு மேல. விலை வரிசையில இந்த ரிசார்ட் ரெண்டாவது பக்கத்துல கிடக்கும், யாரும் பார்க்க மாட்டாங்க.

நம்ம கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல ஃபிக்ஸட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட்னு பிரிப்போம்ல, இது அதேதான். சீபிளேன் ஃபிக்ஸட் காஸ்ட். ஒரு நைட் தங்கினாலும் 900 டாலர், ஏழு நைட் தங்கினாலும் 900 டாலர். அதனால ரெண்டு மூணு நைட்டுக்காக சீபிளேன் ரிசார்ட் எடுக்கிறதுதான் இருக்கறதுலேயே மோசமான டீல். "ரெண்டு நைட் ஒரு ரிசார்ட், ரெண்டு நைட் இன்னொரு ரிசார்ட்"னு விக்கிறாங்களே, அதுல டிரான்ஸ்ஃபர் ரெண்டு தடவை விழுதான்னு முதல்ல கேளுங்க.

ஆல் இன்க்ளூசிவ் பத்தி ஒரே வரி: நீங்க குடிக்கிறவர் இல்லைன்னா, பக்கத்து டேபிள்காரரோட காக்டெயிலுக்கு சேர்த்துக் கட்டுறீங்க. கிறிஸ்துமஸ், நியூ இயர் வாரத்துல பல ரிசார்ட்கள்ல "காலா டின்னர்"னு ஒண்ணைக் கட்டாயமா பில்லில் சேர்ப்பாங்க, அதையும் பாருங்க.

ஊர்த் தீவு

2009-க்கு அப்புறம்தான் மக்கள் வசிக்கிற தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அரசாங்கம் வழிவிட்டது. பட்ஜெட்ல மாலத்தீவு போறது சாத்தியமானதே அதுக்கப்புறம்தான். இதுல எல்லாருக்கும் தெரிஞ்ச தீவு மாஃபுஷி, மாலேவுக்குத் தெற்கே 27 கிலோமீட்டர்ல. ஏர்போர்ட்லேர்ந்தே ஸ்பீட்போட், அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், ஒருத்தருக்கு ஒரு வழிக்கு 25 டாலர் மாதிரி. அரசாங்க ஃபெரியில போனா ரெண்டு மூணு டாலர்லையே போயிடலாம், ஆனா நேரம் ரொம்ப ஆகும், வெள்ளிக்கிழமை ஓடாது. நாலு நாள் லீவு போட்டுட்டுப் போறவங்க இதுல சிக்கனம் பார்க்க வேண்டாம்னு நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்க. காலை டிஃபனோட ரூம் 70 டாலர். நாலு நைட்டுக்கு 280. சர்வீஸ் சார்ஜ், ஜி.எஸ்.டி. சேர்த்து 360. கிரீன் டாக்ஸ் இங்கே பாதிதான், சின்ன கெஸ்ட் ஹவுஸ்னா தலைக்கு 6 டாலர், ஆக 48. ஸ்பீட்போட் ரெண்டு பேருக்கும் போக வர 100. சாப்பாடு வெளியே கடையில, வேளைக்கு ஒருத்தருக்கு 12 டாலர்னு நாலு நாளுக்கு 192. இதுவரைக்கும் 700 டாலர். இதோட ஸ்னார்க்கலிங், மணல் திட்டு பார்க்கிற ஒரு நாள் படகுப் பயணம் ரெண்டு பேருக்கு 80. பக்கத்துல இருக்கிற ஒரு ரிசார்ட்டுக்கு டே பாஸ் எடுத்து, காலையில போய் அவங்க பீச், நீச்சல் குளம், மதிய சாப்பாடு எல்லாம் அனுபவிச்சுட்டு சாயங்காலம் திரும்ப ரெண்டு பேருக்கு 240.

எல்லாம் சேர்த்து 1,020 டாலர். 91,800 ரூபாய். ஊர் சுத்தினதும் சேர்த்து, அந்த "மலிவு" ரிசார்ட்டோட மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல.

கிரீன் டாக்ஸ்ல ஒரு நுணுக்கம். அந்த 6 டாலர் 50 அறைக்கு மேல் இல்லாத இடங்களுக்குத்தான். மாஃபுஷியில இப்போ பெரிய பெரிய ஹோட்டல்கள் வந்தாச்சு, 50 ரூமைத் தாண்டினா ரிசார்ட் மாதிரியே 12 டாலர். புக் பண்ணும்போது எத்தனை ரூம்னு கேட்டுக்கோங்க.

இப்போ அந்தப் பக்கத்தையும் சொல்லணும். ஊர்த் தீவுன்னா அது ஒரு ஊர். பள்ளிவாசல் இருக்கும், விடிகாலையில பாங்கு சத்தம் கேட்கும், தெருவுல ஸ்கூட்டர் போகும். மாஃபுஷியோட ஒரு கோடியில நாட்டோட பெரிய ஜெயிலே இருக்கு. மது கிடையாது, சட்டப்படி தடை. நம்ம ஊர்லேர்ந்து பாட்டில் கொண்டு போனாலும் ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல வாங்கி வெச்சுக்குவாங்க. நீச்சல் உடையில இருக்க "பிகினி பீச்"னு ஒதுக்கின இடம் உண்டு, மத்த இடத்துல மரியாதையா உடுத்திக்கணும். தனிமை வேணும், கடற்கரையில நாம ரெண்டு பேர் மட்டும் நடக்கணும்னு போறவங்களுக்கு இது ஏமாற்றமாத்தான் இருக்கும். ஒரு டிசம்பர் மாசத்து மாஃபுஷி பீச் நம்ம பெசன்ட் நகர் ஞாயித்துக்கிழமைக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்.

சைவம் சாப்பிடறவங்களுக்கு: காலை டிஃபனுக்கு மஸ் ஹுனின்னு தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோட சூரை மீனைப் பிசைஞ்சு ரொட்டியோட வைப்பாங்க. நம்ம ஊர்ல மாசிக் கருவாடுன்னு சொல்றோமே, அதோட தாய்வீடு இதுதான். மீன் இல்லாம எதுவும் கிடைக்குமான்னு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

கூட்டம் பிடிக்காதவங்களுக்கு மாஃபுஷி மட்டும்தான்னு இல்லை. திமிங்கலச் சுறா பார்க்கணும்னா தெற்கு அரி அடோல்ல திகுரா. அலைச்சறுக்கு ஆசைன்னா துலுஸ்தூ. தர்பூசணித் தோட்டத்துக்குள்ள சைக்கிள்ல சுத்தணும்னா தொட்டூ. ஜூன்லேர்ந்து அக்டோபர் வாக்கில் போய் மான்டா திருக்கை பார்க்கணும்னா பா அடோல்ல தரவந்தூ. ஒவ்வொண்ணுக்கும் படகு நேரமும் கட்டணமும் வேற. அதையும் நைட் கணக்கால வகுத்துட்டு முடிவு பண்ணுங்க.

நம்ம ஊர்ப் பக்கத்து வரி

ஆடிட்டர் வேலை இங்கேதான். ஏஜென்ட்கிட்ட மொத்தமா பேக்கேஜா எடுத்தா ரெண்டு விஷயம் பில்லில் ஏறும். ஒண்ணு 5% ஜி.எஸ்.டி., அது போனது போனதுதான். இன்னொண்ணு டி.சி.எஸ். 2025-26 நிதியாண்டுல வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் 5%, அதுக்கு மேல 20%னு இருந்தது. அந்த ரேட்ல 3 லட்ச ரூபாய் பேக்கேஜ்னா 15,000 ரூபாய் எக்ஸ்ட்ரா கட்டிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருந்தது.

டி.சி.எஸ். செலவு இல்லை, உங்க பேர்ல முன்கூட்டியே கட்டின வரி. ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம். நிறைய பேருக்குத் தெரியாதது இது: ரீஃபண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். இதுக்காக 2024 அக்டோபர்ல 12பி.ஏ.ஏ.-ன்னு ஒரு படிவம் வந்தது. அதை உங்க ஆஃபீஸ் பேரோல் டீமுக்குக் கொடுத்தா, மாசச் சம்பளத்துல பிடிக்கிற டி.டி.எஸ்.-ல இதைக் குறைச்சுக்கலாம். ஆனா புது வரி முறையில உங்களுக்கு வரியே வரலைன்னா, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கறதுதான் வழி. போடாம விட்டா அந்தக் காசு போச்சு.

டிக்கெட்டை நீங்களே தனியா, ஹோட்டலை நீங்களே தனியா புக் பண்ணினா அது "பேக்கேஜ்" கணக்குல வராது. டிக்கெட், தங்கற இடம், அது மாதிரி வேற செலவு, இதுல ரெண்டாவது ஒண்ணா சேர்ந்து வித்தாத்தான் பேக்கேஜ்.

எல்.டி.ஏ. கேட்டு யாரும் எழுதாதீங்க. அது இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு, அதுவும் பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான். அந்தமான் போனா உண்டு, மாலத்தீவுக்குக் கிடையாது.

கார்டு தேய்க்கிறப்போ: சாதாரண கிரெடிட் கார்டுல 3.5% வரைக்கும் ஃபாரெக்ஸ் மார்க்கப், அது மேல 18% ஜி.எஸ்.டி. ஒரு லட்ச ரூபாய் செலவுக்கு 4,130 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டு இருந்தா அதை எடுத்துட்டுப் போங்க. மெஷின்ல "ரூபாயா, டாலரா"ன்னு கேட்டா டாலரையே அழுத்துங்க. ரூபாய்னு அழுத்தினா அவங்க இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டு மாத்துவாங்க. சில கெஸ்ட் ஹவுஸ்ல கார்டுக்குத் தனியா சதவீதம் கேட்பாங்க, அதனால கொஞ்சம் டாலரை நோட்டா வெச்சுக்கறது நல்லது.

தம்பி என்ன பண்ணினான்

கணக்கெல்லாம் முடிஞ்சதும் நான் ஒண்ணு கேட்டேன். "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆசைன்னு கேட்டியாடா?" கேட்கவே இல்லை. சர்ப்ரைஸாம். கல்யாணத்துக்கு முன்னாடியே 2.6 லட்ச ரூபாய் சர்ப்ரைஸ் யாருக்கும் கொடுக்காதேன்னு சொன்னேன். அன்னைக்கே ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கான். அவளுக்கு வில்லா பத்தியெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்லை. சின்ன வயசுலேர்ந்து கடல் ஆமையைத் தண்ணிக்குள்ள பார்க்கணும், அது ஒண்ணுதான். நீச்சல் தெரியாது, லைஃப் ஜாக்கெட் கொடுப்பாங்களான்னு கேட்டாளாம்.

அதனால மாஃபுஷின்னு முடிவாச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கு ஐம்பதாயிரம் போடறாங்க, அந்த எண்ணமும் அவளோடதுதான். அவன் போனஸ் பணத்துலேர்ந்து போடறான்.

தேதியில மட்டும் நான் ஒரு மாத்தம் சொன்னேன். அவங்க முதல்ல பார்த்தது பிப்ரவரி 20-லிருந்து. 2026-ல் ரமலான் பிப்ரவரி 18, 19 வாக்கில் ஆரம்பிக்குது. ஊர்த் தீவுல அந்த மாசம் பகல்ல சாப்பாட்டுக் கடை பெரும்பாலும் மூடியிருக்கும். ரிசார்ட்ல வித்தியாசம் தெரியாது, கெஸ்ட் ஹவுஸ்ல தங்கினா தெரியும். அதனால பிப்ரவரி 8 ஞாயிறு போய், 12 வியாழன் திரும்பறாங்க. வெள்ளிக்கிழமை படகுப் பிரச்னையும் இல்லை, காதலர் தின ரேட்டும் இல்லை.

புக் பண்றதுக்கு முன்னாடி மூணு கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரே மெசேஜ் அனுப்பினான். அதை அப்படியே தர்றேன், உங்களுக்கு உதவும்: "ரெண்டு பேர், நாலு நைட், எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? உங்ககிட்ட எத்தனை ரூம், கிரீன் டாக்ஸ் 6-ஆ 12-ஆ? எங்க ஃபிளைட் மதியம் ரெண்டரைக்கு இறங்குது, அன்னைக்கே படகு இருக்கா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு? கார்டுக்கு எக்ஸ்ட்ரா உண்டா? எந்தத் தேதி வரைக்கும் கேன்சல் பண்ணினா முழுப் பணமும் வரும்?" அந்தக் கேன்சல் கேள்வி சித்தப்பாவை நினைச்சு நான் சேர்க்கச் சொன்னது. ரீஃபண்ட் இல்லாத ரேட் நைட்டுக்கு ஏழெட்டு டாலர் கம்மியா இருந்தது, வேண்டாம்னுட்டோம்.

ஒருத்தர் பதில் போடவே இல்லை. ஒருத்தர் "டோன்ட் வொர்ரி பிரதர், எவ்ரிதிங் குட் பிரைஸ்"னு போட்டார். மூணாவது ஆள் ஒவ்வொரு கேள்விக்கும் நம்பர் போட்டு பதில் எழுதியிருந்தார்: 18 ரூம், 6 டாலர், படகு மூணரைக்கும் அஞ்சு மணிக்கும், கார்டுக்கு 3%, வர்றதுக்கு ஏழு நாள் முன்னாடி வரைக்கும் முழு ரீஃபண்ட். கடைசியில, லைஃப் ஜாக்கெட் உண்டு, ஆமை பார்க்கிற இடத்துக்குக் காலை ஒன்பது மணிக்குப் படகுன்னு. அங்கேதான் புக் பண்ணியிருக்கான்.

நுழைவுக்கு இன்னொண்ணு இருக்கு. கிளம்பறதுக்கு 96 மணி நேரத்துக்குள்ள இமுகான்னு ஒரு டிக்ளரேஷன் ஆன்லைன்ல நிரப்பணும். அது இலவசம். காசு கேட்கிற சைட் எதுவா இருந்தாலும் அது அரசாங்க சைட் இல்லை, மூடிட்டு வெளியே வந்துடுங்க.